வடித்து மூடி வைத்த சோறு: தமிழ் நாவலில் நம் மனிதர்களின் உணர்ச்சிகள்



அய்யாவின் நினைவுநாளில் பேச வேண்டும் என்று தோழர்கள் கேட்டபோது, வரலாறு பற்றிப் பேசுவதா இலக்கியம் பற்றிப் பேசுவதா என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. அய்யாவுக்கு இரண்டும் ஒன்றுதான். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியராக நம் தெருவில் அவர் நடத்திய சிறு நூலகத்தில் அம்பேத்கர் தொகுதிகளும் நாவல்களும் ஒரே அலமாரியில்தான் இருந்தன. ஆகவே அவரிடம் நான் பட்ட ஒரு திட்டிலிருந்து தொடங்குகிறேன்.

இருபது வருடத்துக்கு முன்பு, சமூகவியலில் முதுகலை முடித்த கையோடு, ஓர் உண்மை அறியும் குழுவில் சேர்ந்து ஒரு கிராமத்துக்குப் போனேன். அங்கே நம் இளைஞன் ஒருவன் கொல்லப்பட்டிருந்தான். அவனுடைய தாயைச் சந்தித்தோம். என்ன நடந்தது என்று கேட்டால் அந்த அம்மா சோற்றைப் பற்றியே பேசினார். சேதி வந்தபோது உலை கொதித்துக்கொண்டிருந்ததாம். “சோத்த வடிச்சு மூடி வச்சிட்டுத்தான் ஓடுனேன்” என்று மூன்று முறை சொன்னார். கூட்டாளி ஒருத்தனையும் சாப்பிடக் கூட்டிவருவதாக மகன் சொல்லியிருந்ததால் அன்றைக்கு அரைப்படி கூடப் போட்டிருந்தாராம். அவர் அழவில்லை. எங்கள் முகத்தையும் பார்க்கவில்லை.

ஊருக்குத் திரும்பி அறிக்கை எழுதினேன். “மகனைப் பறிகொடுத்த தாய் கதறி அழுதபடியே எங்களிடம் கூறினார்” என்று எழுதினேன். சோற்றைப் பற்றி ஒரு வரி இல்லை. வழக்குக்கு அது எதற்கு என்று நினைத்தேன். அய்யா படித்துவிட்டு அந்த வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, “அழுதாங்களா?” என்று கேட்டார். “இல்ல அய்யா” என்றேன். “அப்புறம் யாருக்காக அவங்கள அழ வச்ச?” என்றார். மறுநாள் பூமணியின் ‘வெக்கை’ நாவலைக் கையில் கொடுத்து, படித்துவிட்டு வந்து பேசச் சொன்னார்.

அவர் கேட்ட கேள்விதான் இன்றைய உரையின் பொருள். நம் மனிதர்களின் துயரத்தையும் கோபத்தையும் வெட்கத்தையும் சிரிப்பையும் தமிழ் எழுத்து எப்படிச் சொல்லி வந்திருக்கிறது? அதற்கு எந்தெந்த உத்திகளைக் கையாண்டது? நாவலின் உத்தி என்றால் வகுப்பறையில் மதிப்பெண்ணுக்குப் படிக்கிற விஷயம் என்று மாணவத் தோழர்கள் நினைக்கலாம். ஒரு பாத்திரத்துக்கு எந்த உணர்ச்சியை அனுமதிப்பது, அதை யார் வாயால் சொல்வது என்பதில் சாதி இருக்கிறது. அதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது.

உணர்ச்சியைப் பங்கிட்ட இலக்கணம்

தொல்காப்பியம் மெய்ப்பாடுகள் எட்டு என்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. இவற்றில் வெகுளி எதனால் பிறக்கும் என்று ஒரு பட்டியல் தருகிறது. உறுப்பை அறுத்தல், குடியைக் கெடுத்தல், அலைக்கழித்தல், கொலை செய்தல். இந்த நான்கையும் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வன்கொடுமை வழக்கின் குற்றப் பட்டியலைப் படிப்பது போலவே இருக்கும். கோபம் வருவதற்கு எவையெல்லாம் நியாயமான காரணம் என்று இலக்கணம் சொல்லியதோ, அவையெல்லாம் நம் தெருக்களில் நடந்திருக்கின்றன. ஆனால் அந்த வெகுளி நம் மனிதர்களுக்கு உரியதாக இலக்கியத்தில் பதிவாகவில்லை.

அதே நூலின் அகத்திணையியலில் அடியோர், வினைவலர் ஆகியோரின் காதலுக்கு ஓர் இடம் ஒதுக்கப்படுகிறது. அது அன்பின் ஐந்திணைக்கு வெளியே, கைக்கிளையிலும் பெருந்திணையிலும் இருக்கிறது. பிறருக்கு ஏவல் செய்து வாழ்பவர்களுக்கு ஐந்திணை ஒழுக்கம் கைகூடாது என்ற பொருளில் உரைகாரர்கள் விளக்கம் சொன்னார்கள். அடியோரும் வினைவலரும் இன்றைய தலித்துகள்தான் என்று நேர்க்கோடு போட நான் வரவில்லை. உணர்ச்சியில் உயர்ந்தது, தாழ்ந்தது என்று பங்கிட்டு, உழைப்பவருக்குத் தாழ்ந்ததைக் கொடுக்கிற வழக்கம் நம் மொழியில் மிகப் பழையது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வருவோம். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை மேடை மேடையாகப் பாடப்பட்டது. பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் என்ற பண்ணையாரைப் பாரதி அதில் படைத்தார். நந்தன் அவரிடம் சிதம்பரம் போக அனுமதி கேட்டுக்கேட்டு நிற்கிறான். இசையின் உருக்கம் முழுவதும் அந்த ஏக்கத்தில் இருக்கிறது. கேட்பவர்கள் கண்ணீர் விட்டார்கள். ஆனால் நந்தனுக்குக் கிடைத்தது ஏக்கம் என்ற ஒற்றை உணர்ச்சி. பண்ணையாரின் மேல் கோபம் கொள்கிற நந்தனை அந்தப் பாட்டுகள் அறியவில்லை. ஏங்குகிற பறையருக்காக அழுதார்கள். கோபப்படுகிற பறையர் வந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்?

1879இல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சேறியது. தமிழ் நாவலின் தொடக்கம் என்று அதைச் சொல்கிறோம். அதிலிருந்து பல பத்தாண்டுகளுக்குத் தமிழ் நாவலின் மனம் என்பது மேல்சாதி, நடுத்தர வீட்டு மனம்தான். நம் ஆட்கள் வயலில், தொழுவத்தில், வாசலில் வந்து போவார்கள். இரக்கமுள்ள எழுத்தாளர் கையில் வந்தால் அழுவார்கள், பசியால் வாடுவார்கள். “பாவம்” என்ற சொல் அவர்களுக்கு முன்னால் நடந்து வரும். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது வராது. ‘மலரும் சருகும்’ எழுதிய டி. செல்வராஜ் போன்ற இடதுசாரிகள் 1960களில் உழைப்பவரைக் கதையின் நடுவுக்குக் கொண்டுவந்தார்கள். அது பெரிய காரியம். அதை மறந்துவிட்டுப் பேசுவது நன்றிகெட்டதனம்.

வெண்மணியில் யார் மனம் பேசியது?

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அதைப் பின்னணியாகக் கொண்டு இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ 1975இல் வந்தது, 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. துணிச்சலான முயற்சி என்பதை மறுக்கவில்லை. ஆனால் சமூகவியல் மாணவியாக அதைப் படித்தபோது நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த நாவலில் மனத்துக்குள் போய்ப் பார்க்கிற உத்தி யாருக்கெல்லாம் கிடைக்கிறது? தில்லியிலிருந்து வந்த படித்தவர்களுக்குக் கிடைக்கிறது. அவர்களுடைய தயக்கமும் குற்ற உணர்வும் விவாதங்களும் விரிவாக வருகின்றன. நிலக்கிழார் கண்ணையா நாயுடுவுக்கும் கிடைக்கிறது. அவருடைய ஆண்மைக்குறைவும் அதனால் வந்த மன முறுக்கும் அவருடைய வன்முறைக்கு விளக்கமாக வைக்கப்படுகின்றன.

கூலியும் சாதியும் சங்கமும் சேர்ந்து நடத்திய ஒரு போராட்டத்தின் மீது ஏவப்பட்ட வன்முறை, ஒரு தனிமனிதனின் உடற்குறையாக மாறிவிடுகிறது. இந்த விமர்சனம் புதிதில்லை, பலரும் சொன்னதுதான். நான் சேர்த்துச் சொல்வது இது. எரித்தவனுக்கு நாவல் ஓர் உள்மனத்தைக் கொடுத்தது. எரிந்தவர்களுக்கு அந்த அளவுக்குக் கொடுக்கவில்லை. குடிசைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நின்றபோது அவர்கள் என்ன நினைத்தார்கள், யார் கையை யார் பிடித்தார்கள், அடுப்பில் என்ன இருந்தது என்பது வாசகருக்குத் தெரியாது. உளவியல் ஆய்வு என்ற உத்தி ஒரு பக்கமாகவே போய்ச் சேர்ந்தது.

அம்பேத்கர் எழுதிய விதம்

நாவலுக்குப் போகுமுன் பாபாசாகேப் எழுதிய சில பக்கங்களை நினைவுபடுத்த வேண்டும். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் 1901இல் நடந்த ஒரு பயணம் வருகிறது. கோரேகானில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்கச் சிறுவன் பீமும் மற்றப் பிள்ளைகளும் ரயிலில் போகிறார்கள். மசூர் நிலையத்தில் இறங்குகிறார்கள். அழைத்துப் போக யாரும் வரவில்லை. நல்ல உடை உடுத்திய பிள்ளைகளைப் பார்த்து நிலைய அதிகாரி அன்பாக விசாரிக்கிறார். மகர் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறுகிறது. இரட்டைக் கூலி தருவதாகச் சொன்ன பிறகே ஒரு வண்டிக்காரர் சம்மதிக்கிறார். அதுவும் பிள்ளைகளே வண்டியை ஓட்டவேண்டும், அவர் பக்கத்தில் நடந்து வருவார். கையில் சாப்பாடு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை. சாப்பிட முடியாமலே இரவு கழிகிறது.

அந்தப் பக்கங்களில் அவர் தன் வேதனையை உருக்கமான சொற்களில் விவரிப்பது மிகக் குறைவு. உடுத்திய உடை, கொடுத்த கூலி, கேட்ட தண்ணீர், கடந்த தூரம் என்று வரிசையாக வைக்கிறார். உணர்ச்சி வாசகருக்குள் நடக்கிறது. என் அறிக்கையில் நான் செய்யத் தவறியது இதைத்தான். அந்த அம்மா எனக்குச் சொன்ன அரைப்படி அரிசியும் மசூரில் கிடைக்காத தண்ணீரும் ஒரே வகைச் சாட்சியம்.

பூமணி: சொல்லாமல் விடுவது

1979இல் பூமணியின் ‘பிறகு’ வந்தது. செருப்புத் தைக்கவும் கமலைத் தோலைச் செப்பனிடவும் ஒரு கரிசல் கிராமத்துக்கு வரும் அழகிரி என்ற சக்கிலியரின் வாழ்க்கை. காலம், நாடு விடுதலை பெற்ற பிறகான ஆண்டுகள். பிறகு என்ன ஆயிற்று என்ற கேள்வி தலைப்பிலேயே இருப்பதாக நான் வாசிக்கிறேன். இந்த நாவலில் ஆசிரியர் குறுக்கே வந்து அழகிரி புண்பட்டார், மனம் நொந்தார் என்று நமக்குச் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. பெரும்பகுதி உரையாடல். சம்சாரி வீட்டு ஆட்கள் அவரை ஒருமையில் ஏவுவதும், அவர் மரியாதைச் சொல்லோடு பதில் சொல்வதும், அதே அழகிரி தன் குடிசைக்கு வந்து தன் ஆட்களோடு கிண்டலும் கேலியுமாகப் பேசுவதும் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டு பேச்சுக்கும் நடுவிலுள்ள தூரம்தான் அவருடைய அவமானத்தின் அளவு. அதை அளந்துகொள்ளும் வேலையை வாசகரிடம் விட்டுவிடுகிறார் பூமணி. வட்டார வழக்கு இங்கே வண்ணம் சேர்க்க வந்ததில்லை. யார் யாரிடம் எந்தச் சொல்லில் பேசலாம் என்ற சாதிச் சட்டம் அந்தப் பேச்சுக்குள் எழுதப்பட்டிருக்கிறது.

1982இல் வந்த ‘வெக்கை’, 2019இல் ‘அசுரன்’ படத்துக்குக் கதையாக அமைந்தது, உங்களுக்குத் தெரியும். படம் பார்த்தவர்கள் தயவுசெய்து நாவலையும் படியுங்கள். அண்ணனைக் கொன்ற வடக்கூரானைச் சிதம்பரம் என்ற பதினைந்து வயதுப் பையன் வெட்டுகிறான். கையை வெட்டத்தான் நினைக்கிறான், ஆள் செத்துப்போகிறான். அங்கிருந்து அப்பாவும் மகனும் சில நாட்கள் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரிகிறார்கள். கடைசியில் நீதிமன்றத்தில் சரணடையப் போகிறார்கள். பழிவாங்கும் கதை என்றால் வீராவேசம் இருக்கும் என்று எதிர்பார்ப்போம். இதில் பக்கம் பக்கமாக இருப்பது எங்கே படுப்பது, தண்ணீர் எங்கே கிடைக்கும், எதைச் சமைப்பது, எந்த வழியாகப் போனால் ஆள் பார்க்க மாட்டார்கள் என்பதுதான். அண்ணனின் சாவு இடையிடையே நினைவாக வந்து போகிறது. பெருந்துயரத்தில் இருக்கிறவர்கள் பெருந்துயரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதில்லை. கொதிக்கிற உலையைப் பற்றிப் பேசுவார்கள். அய்யா எதற்காக அந்தப் புத்தகத்தைக் கொடுத்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நாவலின் பெயரைப் பாருங்கள். வெக்கை என்பது கரிசலின் வெயில். பையனின் உள்ளே கனல்வதும் அதுதான். நிலத்தின் தன்மையைக் கொண்டு மனத்தின் நிலையைச் சொல்வது திணை மரபு நமக்குக் கற்றுத் தந்த உத்தி. எந்த மரபு வினைவலரை ஐந்திணைக்கு வெளியே நிறுத்தியதோ, அந்த மரபின் கருவியையே எடுத்து ஓர் உழைக்கும் குடும்பத்துப் பையனின் வெகுளியைப் பூமணி எழுதினார். நாவலில் சாதிப் பெயரை அவர் வெளிப்படையாகச் சொல்லவில்லை. தலித் எழுத்தாளர் என்ற அடைமொழியையும் அவர் ஏற்றுக்கொண்டதில்லை. அது அவருடைய நிலைப்பாடு. நாவல் நம்முடைய வரலாற்றில் நிற்கிறது.

பாமா: சிரிப்பு எங்கே நிற்கிறது

அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டில் தலித் எழுத்து ஓர் இயக்கமாகவே எழுந்தது. 1992இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தது. அதில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடம். பள்ளிக்கூடம் விட்டு வரும் சிறுமி, தெருவில் ஒரு பெரியவர் வடைப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நாயக்கரிடம் பணிவாக நீட்டுவதைப் பார்க்கிறாள். அவளுக்கு அது வேடிக்கையாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து சிரிக்கச் சிரிக்க அண்ணனிடம் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. தொட்டால் தீட்டு என்பதால்தான் அப்படி என்று விளக்குகிறான்.

இந்த இடம் ஏன் நம்மை இவ்வளவு தைக்கிறது? பாமா முதலில் நம்மைச் சிறுமியோடு சேர்த்துச் சிரிக்க வைத்துவிடுகிறார். அறியாத குழந்தையின் கண்ணால் பார்ப்பது என்பது ஓர் எடுத்துரைப்பு உத்தி. பிறகு அண்ணனின் முகம் வருகிறது. சிரித்த வாயோடு நாமும் மாட்டிக்கொள்கிறோம். தொல்காப்பியம் சொன்ன நகை, இளிவரலாகி, வெகுளியாக மாறுகிற மூன்று படிகளையும் ஒரே பக்கத்தில் நாமே ஏறுகிறோம். “சாதி கொடியது” என்று எழுதியிருந்தால் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்போம்.

1994இல் வந்த ‘சங்கதி’யில் தனிக் கதாநாயகி இல்லை. தெருப் பெண்களின் பேச்சுகள், பாட்டியின் கதைகள், சண்டைகள், முணுமுணுப்புகள். மாரியம்மா என்ற பெண் தண்ணீர் குடிக்கப் பம்ப்செட்டுக்குப் போன இடத்தில் நிலக்காரன் இழுக்கிறான். அவள் தப்பித்து ஓடிவருகிறாள். அவன் முந்திக்கொண்டு போய் அவள் மேலேயே பழி சொல்கிறான். நம் தெருப் பஞ்சாயத்தே கூடி அவளுக்கு அபராதம் போடுகிறது. பழி சுமத்தப்பட்ட ஆணுக்கோ குறைந்த அபராதம். அந்தக் காட்சியில் பெண்கள் உண்மையைத் தங்களுக்குள் முணுமுணுக்கிறார்கள், ஆண்கள் அதட்டி அடக்குகிறார்கள். அடக்கப்பட்ட கோபத்தை எழுத அந்த முணுமுணுப்பைவிடப் பொருத்தமான ஒலி இல்லை.

அதே நூலில் ராக்கம்மா, அடிக்கிற புருசனைத் தெருவில் நின்று கெட்ட வார்த்தையால் கிழிக்கிறாள், சேலையைத் தூக்கிக் காட்டுகிறாள். பார்த்தவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அப்படிச் செய்திருக்காவிட்டால் அடி நின்றிருக்காது என்பது அவளுடைய கணக்கு. கொச்சை என்று விமர்சகர்கள் சிலர் ஒதுக்கிய மொழி, அடிபடுகிற உடம்புக்குக் கேடயமாக இருப்பதைப் பாமா காட்டினார்.

இமையம்: ஒப்பாரியும் நம் முகமும்

அதே 1994இல் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’. பறையர் தெருவுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்துப் பெண் ஆரோக்கியத்தின் கதை. துணி எடுப்பது, பிறப்பு இறப்புக் காரியங்கள் செய்வது, களத்தில் நெல் தூற்றுவது, இரவில் வீடு வீடாகப் போய்ச் சோறு எடுப்பது என அவளுடைய வேலைகள் ஒவ்வொன்றும் துல்லியமாக வருகின்றன. களத்தில் கிடைக்கிற நெல் குறைந்துகொண்டே வருகிறது. அந்தக் குறைவை நாம் படி கணக்கில் பார்க்கிறோம். அவளுடைய பயம் அந்தக் கணக்குக்குள் இருக்கிறது.

ஆரோக்கியத்தின் உணர்ச்சி இரண்டு மொழிகளில் வருகிறது. தெரு ஆட்களிடம் அவள் தன்னைத் தாழ்த்தித் தாழ்த்திக் கேட்கும் மொழி ஒன்று. தனியே புலம்பும்போது வரும் நீண்ட ஒப்பாரி மொழி மற்றொன்று. ஒப்பாரி நம் பெண்கள் காலங்காலமாகக் காத்து வந்த கலை. அதில் செத்தவரைப் பாடுகிற சாக்கில் பிறந்த வீட்டை, புகுந்த வீட்டை, கடவுளை, ஊரை எல்லாவற்றையும் குற்றம் சொல்லலாம். நேரே கேட்க முடியாததைக் கேட்கிற இடம் அது. இமையம் நாவலின் நடையையே அதன் மேல் கட்டினார்.

அவளுடைய மகள் மேரி நம் தெரு ஆண் ஒருவனால் பாலியல் வன்முறைக்கு ஆளாகிறாள். நீதி கேட்டுப் போக அந்தக் குடும்பத்துக்கு ஒரு வாசல்கூட இல்லை. இந்த நாவல் வந்தபோது நம் அமைப்புகளுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. ஊர் நம்மைச் செய்வதை எழுதாமல், நாம் இன்னொருவரைச் செய்வதை எழுதி நம் பகைவரின் கைக்கு ஆயுதம் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். அன்றைய சூழலில் அந்தக் கேள்வியின் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் நான் ஆரோக்கியத்தின் பக்கம் நிற்கிறேன். நந்தன் கோபப்படக் கூடாது என்று நினைத்தவர்களைக் குறை சொல்லிவிட்டு, நம் முன்னே அழுகிற ஆரோக்கியம் நம் பெயரைச் சொல்லி அழக் கூடாது என்று நாம் சொல்ல முடியாது. படிநிலை ஏற்றத்தாழ்வு பற்றி அம்பேத்கர் சொன்னதை மேடையில் பேசுகிறோம். அந்தப் படியில் நமக்குக் கீழே நிற்பவரின் குரல் எப்படி இருக்கும் என்று அந்த நாவல் கேட்க வைத்தது.

சிவகாமி: மனு எழுதுகிற கை

கடைசியாக, காலத்தில் சற்று முந்தியதாக இருந்தாலும் என் தொழிலுக்கு மிக நெருக்கமான நாவல். சிவகாமியின் ‘பழையன கழிதலும்’, 1989. அடிபட்டு இரத்தக் காயங்களோடு தங்கம் என்ற விதவை, தலித் தலைவர் காத்தமுத்துவின் வீட்டு வாசலில் வந்து விழுகிறாள். அவள் வேலை செய்த நிலத்தின் உடையார் அவளைப் பலவந்தப்படுத்தியிருக்கிறார். அவருடைய மனைவியின் உறவினர்கள் அவளை அடித்திருக்கிறார்கள். காத்தமுத்து காவல் நிலையத்துக்கு மனு எழுதுகிறார். மனுவில் கதை மாறுகிறது. சாதி இந்துக்களின் தெரு வழியே நடந்ததற்காக அடித்தார்கள் என்று ஆகிறது. வழக்கு வலுப்பெறுகிறது. தங்கத்துக்கு நடந்தது மனுவில் இல்லாமல் போகிறது. பிறகு அவளுக்கு வந்த பணமும் அவளும் காத்தமுத்துவின் வீட்டுக்குள்ளேயே அடங்கிப்போகின்றன.

அதே 1989இல்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அவமானப்படுத்தும் நோக்கத்தோடு, பொதுப் பார்வையில் இழிவு செய்தார்கள் என்று காட்டினால் அந்தச் சட்டத்தில் அது குற்றம். எத்தனையோ உயிர்களுக்கு அரணாக நிற்கிற சட்டம், ஒரு சொல்லைக்கூட நாம் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் சட்டம் கேட்கிற சொற்களில் மட்டுமே நம் மக்களின் மனத்தை எழுதிப் பழகிவிட்டால், மனு எழுதுகிற நாமும் காத்தமுத்து ஆகிவிடுவோம். என் அறிக்கையில் நான் செய்ததும் அதுதான். பாதிக்கப்பட்டவர் அழ வேண்டும் என்று எனக்கு ஒரு படிவம் மனத்தில் இருந்தது. அந்த அம்மாவை அதில் நிரப்பினேன்.

சிவகாமி அத்தோடு நிற்கவில்லை. 1997இல் ‘ஆசிரியர் குறிப்பு’ எழுதினார். தன் நாவலைத் தானே திரும்பிப் பார்த்து, காத்தமுத்துவை ஏன் அப்படி எழுதினேன், தங்கத்தை ஏன் அப்படி எழுதினேன், எதைச் சேர்த்தேன், எதை மறைத்தேன் என்று விசாரித்தார். எழுதிய கையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிய உத்தி அது. வெளியாட்கள் நம்மை எழுதியதை விமர்சிப்பது எளிது. நம் ஆட்களை நாம் எழுதியதை நாமே விசாரிப்பதற்கு வேறு துணிவு வேண்டும்.

நமக்கு என்ன வேலை

மாணவத் தோழர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, ஒரு நாவலைப் படிக்கும்போது நம் மனிதர்கள் அதில் இருக்கிறார்களா என்று மட்டும் பார்க்காதீர்கள். அவர்களுக்கு எந்த உணர்ச்சி தரப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அழ மட்டும் விடுகிறார்களா? சிரிக்க விடுகிறார்களா? தவறு செய்ய, பொறாமைப்பட, காதலிக்க, சலித்துக்கொள்ள விடுகிறார்களா? அந்த உணர்ச்சியைச் சொல்வது யார்? ஆசிரியரா, பாத்திரத்தின் பேச்சா, செய்கிற வேலையா, அடுப்பில் இருக்கிற பானையா? இதைக் கேட்டால் இரக்கத்துக்கும் மரியாதைக்கும் உள்ள வித்தியாசம் வரி வரியாகத் தெரியும்.

இரண்டு, களத்துக்குப் போகிறவர்கள் நாவல் படியுங்கள். அறிக்கையில் கற்பனை சேர்ப்பதற்காக இல்லை. சேர்க்காமல் இருப்பதற்காக. அழுதால் அழுதார் என்று எழுதுங்கள். அழாவிட்டால் என்ன சொன்னாரோ அதை எழுதுங்கள். சம்பந்தமில்லாதது போலத் தோன்றுகிற பேச்சைக் குறித்துக்கொள்ளுங்கள். சட்டப் பிரிவுக்கு வேண்டியதை ஒரு பக்கம் எழுதுங்கள், அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னபடியே மறு பக்கம் எழுதுங்கள். இரண்டும் நமக்கு வேண்டும்.

அந்த அறிக்கையை அய்யா சொன்ன பிறகு திருத்தினேன். கதறி அழுத வரியை அடித்துவிட்டு, அந்த அம்மா சொன்னதை அவர் பேச்சிலேயே எழுதினேன். குழுவில் இருந்த ஒருவர் இது எதற்கு என்று கேட்டார். இருக்கட்டும் என்று அய்யா சொல்லிவிட்டார். அச்சான பிறகு ஒரு பிரதி கொண்டுபோய் அந்த அம்மாவிடம் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. மகள் வாசித்துக் காட்டினாள். சோறு வடித்த இடம் வந்ததும், “ஆமா, அரைப்படி கூடப் போட்டிருந்தேன்” என்றார். அன்றைக்குத்தான் அவர் அழுததை நான் பார்த்தேன். அதை எந்த அறிக்கையிலும் எழுதவில்லை. இன்றுதான் முதல்முறையாகச் சொல்கிறேன், அய்யாவின் படத்துக்கு முன்னால்.

ஜெய்பீம்.